சாமி என்று கூப்பிட ஆளில்லாத நாள்

குடியை விடச் சொல்லி அறிவுரை கூறும் தொழிலில் ஒரு வசதி உண்டு: முதல் வாரத்தில் எதிரே இருப்பவருக்கு எழுந்து ஓடும் தெம்பு இருப்பதில்லை. காரைக்காலில் ஒரு சிறிய மறுவாழ்வு நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாக இந்த வசதியை நான் முழுமையாகப் பயன்படுத்தி வருகிறேன். நானும் ஒரு காலத்தில் குடித்தவன். ஆகவே, வீட்டில் ஒரு குடிநோயாளியைக் கட்டிக்காக்கும் அன்பர்களே, நான் உங்கள் வீட்டில் இருப்பவரின் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். குடித்த காலத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டதாகவும், உபதேசம் தொடங்கிய காலம்தான் கடினமாக இருந்ததாகவும் என் மனைவி கூறுவதுண்டு.

சாமியிடம் சொல்லாமல் விட்டது

விழிதியூரில் நெல் விவசாயம் பார்க்கும் செல்வம், ஓர் ஆடி மாதத்தில் எங்களிடம் வந்தார். அவர் மனைவி கலைவாணி இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு கோவில்பத்தில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "ஒரு வருஷம் முழுசாக் குடிக்காம இருந்து காட்டுங்க, வர்றேன்" என்பது அவர் விதித்த நிபந்தனை.

செல்வத்தின் மணிக்கட்டில் முனீஸ்வரன் கோயில் கயிறு இருந்தது. குடியை விடுவதாகச் சத்தியம் செய்து, பூசாரி கையால் கட்டிக்கொள்ளும் கயிறு அது. கயிறு கையில் இருக்க, வாடை வாயில் இருந்தது. சத்தியம் என்னாயிற்று என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் சிறிதும் கலங்கவில்லை.

"பிராந்தி குடிக்க மாட்டேன்னுதான் சார் சாமிகிட்டச் சொன்னேன். பீரைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல."

உவமைக்கு நேர்ந்த கதி

நான் உவமையில் நம்பிக்கை உள்ளவன். ஆகவே, வாய்க்கால் கரை உடைந்து தவித்த ஒரு விவசாயியின் கதையை அவருக்குச் சொன்னேன். அவன் வாரிப் போட்ட மணலையெல்லாம் வெள்ளம் அரித்துச் சென்றது. இறுதியில் பக்தி என்னும் களிமண்ணே உடைப்பை அடைத்தது. சொல்லி முடித்தபோது என் கண்களே கலங்கின. செல்வம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க கதையில வர்றவன் விவசாயியே இல்ல. தண்ணி பாயறப்பவே எவனாச்சும் உடைப்புல மண்ணு போடுவானா? மொதல்ல மேல மடையை மூடணும், அப்பறந்தான் களிமண்ணு, மத்ததெல்லாம்."

இறங்க மறுத்த சாமி

மேல் மடையை மூடும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். பீரையும் சேர்த்து விட்டார்; கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டார். மாலை போட்டவருக்கு எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் ஊற்றிக் கொடுக்கத் துணியமாட்டார். சிறுவர் முதல் பெரியவர் வரை 'சாமி' என்றே அழைப்பார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுவதும், கழற்றிய அன்றே விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் சிலரின் வழக்கம். செல்வமே முன்பு மூன்று முறை அவ்வாறு செய்தவர்தான்.

இம்முறை தை போய் மாசியும் வந்தது. மாலை கழுத்தை விட்டு இறங்கவில்லை. வெறுங்காலோடு, கறுப்பு வேட்டியோடு, உர மூட்டை சுமந்துகொண்டிருந்தார். மலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி என்னிடமே வந்து முறையிட்டார்: "ஐயப்பன் போயிட்டு வான்னு அனுப்பிட்டாருங்க, இவந்தான் அவர விடமாட்டேங்குறான்!"

கைப்பிடிச் சுவர் என்பது படியேறுவதற்கே அன்றி அதன்மேல் குடியிருப்பதற்கு அன்று என நான் செல்வத்துக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் மாலையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"கழட்டிட்டா நான் வெறும் செல்வந்தானே சார். வெறும் செல்வத்த நம்பி யாரு சார் வீட்டுக்கு வருவா?"

உவமையை விட்டுவிட்டு, அவரைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.

சொல்தாவின் அடுப்பு

பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தேநீர் போடும் சொல்தா தோமினிக், குடியை விட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆனவர். ஆனால் அவர் தேவாலயப் பக்கமே போவதில்லை. ஆகவே, அவரைப் பாதி தேறியவராகவே நான் மதித்துவந்தேன்.

சாமி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று செல்வம் அவரிடம் உண்மையான கவலையோடு கேட்டார். தோமினிக் பால் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சனிக்கெழம நாலு மணிக்குப் பன்னெண்டு பேரு டீக்கு வந்து நிப்பீங்க. அதுக்கு நான் நிதானமா இருக்கணும்ல? கடவுள் இருக்காரா இல்லையான்னு பால் பொங்கி முடியட்டும், அப்பறம் பேசுவோம். நீங்க அந்த டம்ளரையெல்லாம் கழுவுங்க சாமி."

அடுத்த சனிக்கிழமை செல்வம் மாலை இல்லாமல் வந்து டம்ளர் கழுவினார்.

கேட்காமல் வந்த உண்மை

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்று உவமைகளைத் தயார் செய்துகொண்டு விழிதியூருக்கு ஓடினேன்; வீடு பூட்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். கோவில்பத்தில் இருப்பதாகச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தியாள் வீட்டு வாசற்படியில் அவர் குனிந்து அமர்ந்திருந்தார். கலைவாணி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். முந்தைய நாள் வெளியூரில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்தில் செல்வம் குடித்துவிட்டார். எட்டு மாத உழைப்பு ஒரு பிற்பகலில் போயிற்று. பார்த்தவர்களில் எவரும் கலைவாணிக்குத் தெரிந்தவர் இல்லை. மறைத்திருந்தால் மறைந்தே போயிருக்கும். விடிந்ததும் முதல் பேருந்தில் வந்து, தாமாகவே சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அந்தப் படியிலேயே இருந்திருக்கிறார்.

நிலைமையைச் சீர்செய்யும் பொருட்டு, "ஓர் ஊரில் ஒரு குயவன் இருந்தான்" என்று ஆரம்பித்தேன். கலைவாணி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"செத்த இருங்க சார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நான் மோந்து பாத்துக் கண்டுபிடிக்காம இவரு வாயால உண்மை வந்தது இன்னிக்குத்தான். வருஷத்த மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கட்டும். இந்தத் தடவ நான் விழிதியூர்லேயே இருந்து எண்ணிக்கிறேன்."

கடவுளிடம் உண்மையைச் சொல்வது எளிது, ஏனெனில் அவர் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மனைவியிடம் சொல்வதற்குத்தான், அன்பர்களே, ஆன்மிகம் தேவைப்படுகிறது.