ஒயர் கூடை வைத்த சீட்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாலாஜாபாத்துக்கு போன் போட்டேன். காபி கூடப் போடவில்லை. கஸ்தூரி அக்கா வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆனாலும், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரிதான் இன்னும் எழுந்திருப்பார்.

ரிங் போகும்போதே அந்தப் பழைய கம்பெனி பஸ்ஸின் வாசனை வந்துவிட்டது... டீசல், ஈரத் தலைமுடி, யாரோ ஒருத்தியின் மல்லிப்பூ, யாரோ ஒருத்தியின் கருவாட்டுக் குழம்பு.

டிகிரி முடித்து, கல்யாணமான புதிதில், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தேன். பார்ட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைக்கிற வேலை.

பஸ் வாலாஜாபாத்தில் கிளம்பும். கஸ்தூரி அக்காவுக்கும் கம்பெனியில் எங்கள் லைனில்தான் வேலை. அங்கேயே முதல் ஆளாக ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் தன் பச்சை ஒயர் கூடையை வைத்துவிடுவார். அவர் உட்காருவது சுடச்சுட இருக்கும் என்ஜின் பெட்டி மேல், எங்களைப் பார்த்தபடி. அந்த பஸ்ஸில் குலுங்காத சீட் என்றால் கூடை வைத்த சீட்தான். பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குடல் தொண்டைக்கு வரும்.

ஒருநாள் நான் ஏறியதும் கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சுமதி, இங்க குந்து."

"ஏன்க்கா?"

"சொன்னா குந்தேன்."

எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் வேறு. பெர்மனென்ட் பெண்களுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு உண்டு. எங்களில் யாருக்காவது வயிறு தெரிந்தால், "ஆர்டர் கம்மிம்மா" என்பார்கள். அவ்வளவுதான், அடுத்த மாதம் அவள் இருக்க மாட்டாள்.

சூப்பர்வைசரும் அதே பஸ்ஸில்தான் வருவார். அன்று கேட்டே விட்டார்.

"இன்னா கஸ்தூரி, அந்த சீட்ல ஏதாச்சும் விசேஷமா?"

"அதுக்குத் தலைவலி சார். உங்களுக்கும் வலிச்சா சொல்லுங்க, குந்த வெக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில், காய்ச்சலோடு வந்த அவரையும் அக்கா நிஜமாகவே அங்கே உட்கார வைத்தார். மடியில் பச்சைக் கூடையோடு அவர் வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது...

கான்ட்ராக்டைப் புதுப்பித்த பிறகுதான் எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறாள். இத்தனை வருடமாக எனக்குள் ஒரே கேள்வி. அக்காவுக்கு எப்படித் தெரிந்தது?

இப்போது வேறொரு கம்பெனியில் ஹெச்.ஆரில் இருக்கிறேன். வீடு படப்பையில். தாய்-சேய் நலத்துக்காக நம் பகுதியில் உழைத்தவர்களைக் கௌரவிக்க, கம்பெனியில் ஒரு விழா நடத்தப்போகிறார்கள். ஒரு லேடி டாக்டரும், கிராம நர்ஸ் ஒருவரும் ஏற்கெனவே முடிவாகிவிட்டார்கள். "லோக்கலா இன்னொரு பேர் சொல்லுங்க மேடம்" என்றார் மேனேஜர். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

ஆனால் போன் போட்டது அதற்காக மட்டும் இல்லை.

போன வாரம் ஸ்கூட்டர் சர்வீஸில் இருந்ததால் கம்பெனி பஸ்ஸில் போனேன். ஏசி பஸ். முதல் சீட்டில் 'கர்ப்பிணிகளுக்கு மட்டும்' என்று ஸ்டிக்கர். டாக்டர் சர்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து ஹெச்.ஆரில் காட்டினால் அங்கே உட்காரலாம். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான்.

அன்று அந்த இடம் காலி. ஹாஸ்டல் ஸ்டாப்பில் ஒரு கான்ட்ராக்ட் பெண் ஏறினாள். தெற்கத்திப் பெண். அந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்னால் நகர்ந்தாள்.

"இங்க உட்காரும்மா" என்றேன்.

"இல்ல மேடம், நான் பின்னாடியே இருந்துக்கிடுதேன். எனக்கு ஒண்ணுங் கெடையாது."

நான் ஒன்றுமே கேட்கவில்லை...

இன்று காலை அக்காவிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"இன்னாத்த?"

"யார் உண்டாயிருக்காங்கன்னு."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

"நான் எங்கடி கண்டுபிடிச்சேன்? ஏறச் சொல்ல மூஞ்சி வாடி இருந்தா குந்த வெப்பேன். பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல. மஞ்சுளாவ குந்த வெச்சேனே, அவ புருஷனோட சண்ட போட்டுகினு துன்னாம வந்துகீறா."

"தப்பா போச்சேன்னு தோணலையா?"

"ஒரு சீட்டுதானேடி. தப்பானா திருப்பி வாங்கிக்கவா போறேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் சூப்பர்வைசருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சண்டை போட்டவள், காய்ச்சல்காரர், வாயும் வயிறுமாக இருப்பவள், எல்லோரும் உட்காருகிற சீட்டை வைத்து யாரை என்னவென்று சொல்ல முடியும்?

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாரா என்றும் கேட்டேன்.

"அதெல்லாம் இன்னா கண்டேன். பின்னாடி குந்தி வாந்தி எடுத்தா பஸ்ஸே நாறும். எனக்கு அது ஆவாது."

உண்மையா, மழுப்பலா... இன்னும் தெரியவில்லை. போன வாரம் பஸ்ஸில் பார்த்த பெண்ணைப் பற்றியும், விழாவைப் பற்றியும் சொன்னேன்.

"சால்வ கீல்வ வேணாம்மா, புழுக்கமா கீது. அந்தப் பொண்ணு எங்க குந்துது, அத்த பாரு."

அன்று ஏசி இல்லை, ஸ்டிக்கர் இல்லை, விதியும் இல்லை. சீட்டில் ஆள் இருந்தது. இன்று எல்லாம் இருக்கிறது. அங்கே உட்கார வேண்டியவள் கடைசி வரிசையில் குலுங்கிக்கொண்டு போகிறாள்.

விதியை மாற்றச் சொல்லி எழுதத்தான் போகிறேன். அதற்கு மீட்டிங், கையெழுத்து எல்லாம் ஆக வேண்டும். வயிறு அதுவரை காத்திருக்காது.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டிலும் சொல்லவில்லை, ஆபீஸிலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் ஸ்கூட்டர் வேண்டாம். படப்பையில் முதல் ஆளாக பஸ் ஏறி, அந்த ஸ்டிக்கருக்குக் கீழே நானே உட்காரப்போகிறேன், இந்த வயதில். ஹாஸ்டல் ஸ்டாப் வந்ததும் எழுந்து அவளை உட்கார வைப்பேன். மறுநாள் முகம் வாடி ஏறுகிற வேறொருத்தியை. அந்த சீட்டைப் பார்த்து யாரையும் எதுவும் சொல்ல முடியாது என்று ஆகும்வரை.

டிரைவர் சிரிப்பார். யாராவது கேட்கவும் செய்வார்கள்.

கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது. "தலைவலி சார். உங்களுக்கும் வலிச்சா சொல்லுங்க."