குளத்துக்கு வடக்கே

எனக்கு இரண்டு ஊர்கள். ஒன்றில் பிறந்தேன், யாழ்ப்பாண நகரத்தில், அப்பாவின் புகைப்படக் கடைக்குப் பின்னால். மற்றதை பாரிசுக்கு வந்த முதல் மாதத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மாடியறையில் இருந்து மனப்பாடம் செய்தேன். அகதிக் கோரிக்கைக்குக் கேஸ் எழுதித் தந்தவர் சொன்னார்:

"யாழ்ப்பாண ரவுண்காரன் எண்டால் எடுபடாது. சண்டை நடந்த வன்னியிலை வயல் செய்தனீர் எண்டு எழுதுறன். ஒருக்கால் சொன்னால், பிறகு எங்கை கேட்டாலும் இதைத்தான் சொல்லோணும்."

ஊரின் பெயர், குளத்தின் பெயர், எங்கள் வயல் எந்தப் பக்கம் எல்லாவற்றையும் அவரே தந்தார். விசாரணையில் கண் இமைக்காமல் ஒப்பித்தேன். விசா கிடைத்தது.

அவருடைய புத்திமதியை நான் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியே கேட்டுவிட்டேன். கோப்பை கழுவிய உணவகத்தில், டாக்டரிடம், பிரெஞ்சு வகுப்பில், எங்கும் நான் விவசாயி. பூச்சாடியில் ஒரு மிளகாய்க் கன்றைக்கூட நான் வளர்த்து எடுத்ததில்லை. ஆனால் பதினைந்து வருடம் சொன்ன பொய்யை ஒரு நாளில் கைவிட முடியுமா? யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்ற பயம் இன்றும் போகவில்லை.

அந்தப் பயம்தான் என்னை அந்தப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தியது. பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் என் வீட்டிலிருந்து பஸ்சில் போகும் தூரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பழைய பண்ணையை உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அக்கம்பக்கத்தவர்களைக் கூப்பிட்டு ஆப்பிள் பிழிவார்கள், பூசணிச் சூப் காய்ச்சுவார்கள், கோதுமை அடிப்பார்கள். இந்த முறை வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டு முறைகளைக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிரெஞ்சு ரீச்சர் சந்தோஷமாக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

மறுக்கப் பயந்து, மூன்று நாள் குளியலறையில் தட்டில் அரிசியை வைத்துத் தூக்கிப் போட்டுப் பழகினேன். தண்ணீர் போகிற குழாய் அடைக்கப்போகிறது என்று மனைவி திட்டினாள். அவளும் யாழ்ப்பாண நகரம்தான், அவளுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் வாசலிலேயே பலகை: மூன்று மணிக்கு இலங்கை விவசாயி ஒருவர் தானியம் புடைத்துக் காட்டுவார். அருங்காட்சியகப் பொறுப்பாளர், ரப்பர் சப்பாத்துப் போட்ட நரைத்த பெண்மணி, அவர்களுடைய பழைய பிரம்புச் சுளகை, முறம் போன்றதை, என் கையில் தந்தார். நம் சுளகைவிட இரண்டு மடங்கு பெரிது. சுற்றிவர ஐம்பது பேர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோதுமையை மேலே எறிந்தேன். உமி முழுக்க என் முகத்திலும் முன்வரிசைப் பிள்ளைகளின் கண்ணிலும்; கோதுமை சேற்றில். இரண்டாம் தரமும் அப்படியே. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

அப்போதுதான் கூட்டத்துக்குள் இருந்து அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும், யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட். விசா இல்லாதவர்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றிலிருந்து தொண்டர்கள் அழைத்து வந்த பெண்களில் ஒருத்தி.

"விடுங்கோ அண்ணை. கை ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் பிரெஞ்சில் கை வலிக்கிறது, ஏலாது என்றேன். பொய்யோடு பொய். அவள் சுளகை வாங்கி, காற்று எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்து, திரும்பி நின்று புடைத்தாள். உமி போன இடம் தெரியவில்லை. கோதுமை மட்டும் சுளகில் சலசலத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு வைக்கோல் கட்டுகளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சூப் குடித்தோம்.

"அண்ணை எந்த ஊர்?"

வாய் பழக்கதோஷத்தில் வன்னி ஊரின் பெயரைச் சொல்லிவிட்டது. அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

"நான் அந்த ஊர்தான்."

 "கேஸுக்குச் சொன்னது" என்றேன்.

நன்றாக ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை.

"விசா தந்தவையோ?"

"ஓம்."

"எனக்கு ரெண்டு தரமும் றிஜெக்ட்." அவள் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குளத்தின்ரை பேர் என்னெண்டு கேட்டவை. அந்தக் குளக்கட்டிலைதான் செல் விழுந்து அம்மா முடிஞ்சவ. நாங்கள் அப்பிடியே விட்டிட்டு ஓடினனாங்கள். பேரைச் சொல்ல வாய் வரேல்லை. ஊரைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆள் எண்டு எழுதிப்போட்டினம்."

அதே குளத்தின் பெயரை நான் என் விசாரணையில் மூன்று தரம் சொன்னேன். மதகு எத்தனை என்று அவர்கள் கேட்காமலே அதையும் சொன்னேன். இந்த நாட்டில் எத்தனையோ இடத்தில் தலைகுனிந்திருக்கிறேன். அன்று பட்ட வெட்கம் வேறு. என் விசாவை அவளிடமிருந்தே பறித்தெடுத்தது போல இருந்தது.

"ஒண்டு கேக்கட்டோ அண்ணை? கேஸைத் திருப்பிப் போடப்போறன். நீங்கள் என்ன சொன்னனீங்களோ, அதை எனக்குச் சொல்லித் தாங்கோ."

"அது உம்மடை ஊர். நான் என்னத்தைச் சொல்லித் தாறது?"

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை எண்டுதானே எழுதியிருக்கு."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? இருவரும் ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, லாச்சப்பலுக்கு நடந்து, ஒரு தேநீர்க் கடையில் இருந்தோம். அவள் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். நான் தொடங்கினேன். பதினைந்து வருடத்தில் ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. குளத்தின் பெயர் வந்தபோது நிறுத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். சொன்னேன். அதையும் எழுதினாள்.

"குளத்துக்கு வடக்கே எங்கடை வயல், நாலு ஏக்கர்" என்றேன்.

பேனை நின்றது.

"வடக்காலை வயல் இல்லை அண்ணை. அங்கை முழுக்கக் காடு."

 கேஸ் எழுதியவர் எங்கேயோ இருந்துகொண்டு மனம்போனபடி அடித்துவிட்டது. "அதைத்தான் அவை நம்பினவை" என்றேன். அவள் கொப்பியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குளத்துக்கு வடக்கே வயல், நாலு ஏக்கர் என்று எழுதினாள்.

"பரவாயில்லை" என்றாள். "அடுத்ததைச் சொல்லுங்கோ."