கதிரை வைத்த இடம்

வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில் பதினொரு வருடம் முகாமையாளராக இருந்தேன். சேர்ந்த முதல் நாளே அதன் சட்டக்கோவையை முழுக்க வாசித்தேன். பிறகுதான் தெரிந்தது, அதில் இல்லாத ஒரு விதியைத்தான் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று.

ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால், லிஃப்டுக்குப் பக்கத்துக் கார்த் தரிப்பிடத்தில், உட்காரும் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைப்பார்கள். அன்றைக்கு அந்த இடம் அந்த வீட்டாருக்கு. இடத்துக்குச் சொந்தக்காரர் தன் காரை வெளியே எங்காவது விட்டுக்கொள்வார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மா டீச்சரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பப்பா சக்கர நாற்காலியில் இருப்பவர். வீதியில் இறக்கினால் லிஃப்டுக்குப் போகும் செங்குத்தான சரிவில் அவரை உருட்ட வேண்டும். அவர் வராமல் மோதிரம் மாற்றுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஹெந்தளையிலிருந்து அவரை ஏற்றிய வான் புறப்பட்டும் விட்டது.

வீட்டோடு அந்தத் தரிப்பிடத்தையும் புதிதாக வாங்கியிருந்த சட்டத்தரணி சிவநேசனோ, கதிரையை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுத் தன் காரை விட்டிருந்தார். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"சேர், சக்கர நாற்காலியில ஒரு வயசான மனுசன் வாறார். காரைக் கொஞ்சம் எடுக்கேலுமோ?"

"எந்தச் சட்டத்தில கிடக்கு?"

"ஒண்டிலயும் இல்லை, சேர்."

"இடம் வாங்கின உறுதிப் பத்திரத்தில என்ர பேர் கிடக்கு. தெரியுமோ?"

"ஓம், சேர்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "அப்ப அந்த உறுதியைக் கொண்டுபோய் அதில வச்சு அந்த மனுசனைத் தூக்குங்கோ. நாளைக்கு எங்கட பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கேக்க, வாற சனத்தின்ர காரைக் கோர்ட்டிலயோ விடுறது? சாவியை எடுங்கோ!"

வான் வருவதற்குள் இடம் காலியானது. அப்பப்பா நேராக லிஃப்டுக்குள் போனார். கடற்கரை வீதியில் காரை விட்டுவிட்டு வியர்க்க வியர்க்க நடந்து வந்த சிவநேசனைப் பத்மா டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடாமல் போனால் உங்களுக்கு எதிரா வழக்குப் போடுவன்."

அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் சிவநேசனே ஒரு விதி வரைவோடு வந்தார். ஒன்பது பிரிவுகள். கதிரை வைக்க இரண்டு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம்.

"செத்த வீட்டுக்குமோ, சேர்?" என்றார் டீச்சர்.

மண்டபம் சிரித்தது. சிவநேசனும் சிரித்துவிட்டு, பேனாவால் ஒவ்வொன்றாக வெட்டினார். மிஞ்சியது ஒரு வரி: 'நல்லது கெட்டதுக்குக் கதிரை வைத்த இடத்தில் வாகனம் நிறுத்தலாகாது.' ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டக் குறிப்பில் 'புதிய விதி' என்று எழுதினேன். சிவநேசன் எட்டிப் பார்த்தார்.

"புதிய எண்டதை வெட்டும், ஐசே. இங்க நான்தான் புதுசு."