லூடோவில் அம்மாவுக்கு இரக்கம் கிடையாது

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வாசலுக்கு வரும் பூனைக்குக்கூடப் பால் ஊற்றுகிறவர் என் அம்மா. ஆனால் கைபேசியில் லூடோ ஆடும்போது பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டார். வீடு சேரப்போகிற காயைத்தான் தேடிப்பிடித்து வெட்டுவார். வெட்டிவிட்டு "ஸ்தோத்திரம்" என்பார். எரிச்சலாக வரும்.

ஊரடங்கில், நர்ஸான என் தங்கையை ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். பெங்களூர் விஜயநகர் வீட்டில் அம்மாவும் நானும்தான். ஸ்கூட்டரை எடுத்தால் அவளிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? போகத்தான் முடியாது. போன் செய்தால், "நல்லாருக்கேம்மா, வெச்சிடட்டா?" அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை கறக்க முடியாது. லூடோவில் மைக்கைப் போட்டுச் சண்டை பிடித்தால்தான் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பது குரலில் தெரியும். அம்மா ஆடக் கற்றுக்கொண்டதே அதற்குத்தான். "பேகா பேகா, சீக்கிரம் போடும்மா, தூங்கிட்டியா?" என்று கன்னடமும் தமிழுமாக அவள் விரட்டினால் அம்மாவுக்கு அன்றைக்கு நிம்மதி.

ஒருநாள், ஆட்டத்தில் சேர்வதற்கான எண்ணை அம்மா எங்கள் குடும்பக் குழுவில் போடாமல் திருச்சபைக் குழுவில் போட்டுவிட்டார். நாலாவது ஆளாக யாரோ வந்தார்கள். மைக் மூடியிருந்தது. பெரியப்பா மகன் என்று நினைத்து ஆடினோம். அம்மா அவர் காயை வெட்டி, "ஓடு கழுத, வீட்டுக்கு ஓடு!" என்று கூவினார்.

மைக் திறந்தது. "ஓடிட்டேம்மா" என்றார் எங்கள் சபைப் போதகர்.

அம்மா போனைக் கொண்டுபோய்ப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். போதகர் விடவில்லை. கோயில் பூட்டிக் கிடந்தது, அவருக்கும் பேச ஆள் வேண்டுமே! மறுநாளிலிருந்து மஞ்சள் காய் அவருடையது.

பிறகு தங்கைக்கே கொரோனா வந்தது. தனியறையிலிருந்து ஆட வந்தாள். மைக்கில் ஒரே இருமல். அம்மாவுக்குப் பகடையில் ஐந்து விழுந்தது. சரியாக ஐந்தாவது கட்டத்தில் தங்கையின் சிவப்புக் காய். அம்மா வேறு காயை நகர்த்தினார்.

"ஏம்மா வெட்டல?"

"கவனிக்கலடீ."

"பொய் சொல்லாத! நீயா கவனிக்கல? நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னப் பாத்துப் பாவப்படாதம்மா. பயமா இருக்கு."

போதகர்தான், "அம்மா, அடுத்த தடவை வெட்டிடுங்க. ஜெபத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் சிவப்புக் காய் போயே போய்விட்டது.

"பெத்த புள்ளன்னுகூடப் பாக்கலயே! இனிமே வீட்டுப் பக்கம் வருவேனா பாரு!" தங்கை கத்தினாள், இருமினாள், சிரித்தாள்.

"வருவ," என்றார் அம்மா. "வந்து எதிர்ல உக்காந்து ஆடு. அப்பவும் வெட்டுவேன்."