முகூர்த்த நேரத்தில் அணைந்த டிவி

போனையே ரிமோட்டாக வைத்துக்கொண்டு ஊரார் பார்க்கும் டிவியை அணைத்து விளையாடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளையாட்டுதானே என்று யாராவது சமாதானம் சொன்னால் இன்னும் எரியும்.

திண்டிவனத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். விழுப்புரத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். தாலி கட்டும்போது அவள் மேடைப் பக்கம் நிற்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே ஒதுங்கிக்கொண்டாள். அந்தக் கேடுகெட்ட வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் தனி. ஆனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மண்டபத்தின் மாடி மேடையில் நடப்பதெல்லாம் கீழே பந்தி ஹால் டிவியில் தெரியும். "தம்பி, தாலி கட்டறது இதுல வந்துடும் இல்ல?" என்று வீடியோக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருவன் வந்திருந்தான். முப்பது வயசு, சென்னையில் நல்ல வேலை. ரிசப்ஷனிலேயே அந்த டிவியின் சத்தத்தைப் போனால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். இலையில் கை வைத்தவர்கள் அண்ணாந்து முழிப்பதைத் தூணோரம் நின்று படம் வேறு எடுத்தான். மாப்பிள்ளை வீட்டு ஆளை யார் கேட்பது?

காலையில் அக்கா டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் கூடவே இருந்தேன். தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்து மேடைக்குத் திரும்பியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்ததும் டிவி கறுப்பாகிவிட்டது.

அக்கா பதறி எழுந்தாள். "இன்னாடி ஆச்சு? கரண்டு போயிடுச்சா? ஃபேன் ஓடுதேடி..." மாடியில் மேளம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பினால், தூணோரம் போனை நீட்டிக்கொண்டு அவன் இளித்துக்கொண்டு நிற்கிறான்.

"போடுய்யா டிவியை!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போட்டான். அந்த டிவி உயிர் வந்து படம் காட்டுவதற்குள் மேளம் ஓய்ந்துவிட்டது. மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்துகொண்டிருந்தான்.

"ஏன் ஆன்ட்டி டென்ஷன் ஆவறீங்க? சும்மா பிராங்க்கு. எப்படியும் வீடியோல வரப்போவுது, அப்புறமா பார்த்துக்கினா போச்சு" என்றான். ஊர் டிவி என்றால் பார்க்கிறவனும் வேலையற்றவன் என்று நினைப்பு இவனுக்கு. அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவள் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா? அறையலாம் போல இருந்தது. சம்பந்தி வீடு என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குள் பெண் மாலையும் கழுத்துமாக அம்மாவைத் தேடிக் கீழே இறங்கி வந்தாள். காலில் விழுந்து எழுந்தவள், "பார்த்தியாம்மா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்டி கண்ணு. உன் நாத்தனார் மூணாவது முடிச்சு போட்டதுகூடத் தெரிஞ்சுது" என்றாள் அக்கா.

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் என் பக்கம் குனிந்து, "கேட்டீங்களா? அவங்களே பார்த்துட்டாங்களாம். நீங்கதான் பெருசு பண்றீங்க" என்றான்.

நான் வாயைத் திறந்தால் அக்கா சொன்னது பொய் என்று பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அவன் அன்றைக்குத் தப்பித்தான்.