பாத்தியில் இறங்கிய சூப்பர் ஹீரோ

போன பிப்ரவரியில், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. பாண்டிச்சேரியில் விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ப்ராஜெக்டுக்கு ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டும். எடுக்கப்படாமலே போன ஒரு சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றி எடுப்பது என்று நானும் நண்பனும் முடிவு செய்தோம்.

அந்தப் படத்தில் மிஞ்சியது ஒரே ஒரு க்ளிப்தான். வெள்ளி உடுப்பு, முகத்தை முழுசாக மறைத்த முகமூடி, முதுகில் ஆரஞ்சு அங்கி. வேற்றுக் கிரகம் மாதிரி தெரியும் உப்பளத்தில், வானத்திலிருந்து ஹீரோ இறங்குகிறார். இறங்கி உலகத்தைக் காப்பாற்றுவார் என்று பார்த்தால், குனிந்து தன் காலடியைப் பார்க்கிறார். அப்புறம் இடது காலால் இரண்டு மிதி, வலது காலால் ஒரு தேய்ப்பு. மறுபடியும் இரண்டு மிதி, ஒரு தேய்ப்பு. "கட், கட்! யோவ், என்னய்யா பண்ற?" என்று யாரோ கத்துகிறார்கள். சுற்றிலும் சிரிப்பு. அவ்வளவுதான்.

சோதனைக்காக எடுத்த அந்தக் காட்சியோடு படம் நின்றுபோனது. பல வருடம் கழித்து க்ளிப் எப்படியோ வெளியே வந்து, 'டான்ஸ் ஆடும் சூப்பர் ஹீரோ' என்று மீம், ஸ்டிக்கர் எல்லாம் ஆகிவிட்டது. எங்கள் டாக்குமெண்டரியும் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பிப்பதாக இருந்தது.

ஷூட்டிங் நடந்த காலத்திலிருந்தே உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவைப் பிடித்தோம். மதியச் சாப்பாட்டு நேரம். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் அவர் மகள் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். க்ளிப்பை அவர் பார்த்ததே இல்லை. எங்களுக்கு இன்னும் வசதி! முதல் தடவையாகப் பார்த்து அவர் சிரிப்பதை அப்படியே எடுத்துவிடலாம் என்று கேமராவை ஆன் செய்து, லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம்.

மகள்தான் முதலில் சிரித்தாள். "ஐயோ, இந்த லூசா! எங்க க்ளாஸ் குரூப்புல டெய்லி இவன்தாண்ணா. எங்கிட்ட ஸ்டிக்கரே இருக்குது."

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, திரும்பப் போடுப்பா."

போட்டேன்.

"இன்னொரு தபா."

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, சோற்றுக் கையோடு எழுந்து வரப்பில் நின்றார். இடது காலால் இரண்டு மிதி, வலது காலால் ஒரு தேய்ப்பு. அச்சு அசல் அதே!

"ஆடலப்பா, பாத்தி மிதிக்கிறாரு. தண்ணி வுடறதுக்கு முன்னாடி தரைய இப்படித்தான் மிதிச்சு கெட்டியாக்குவோம். பூட்ஸோட எறங்குனதுல குழி வுழுந்துட்டுது பாரு, அத மூடறாரு. ரெண்டு காலையும் ஓங்கித்தான் எல்லாரும் மிதிப்பாங்க. வலத இப்படித் தேய்க்கிறது ஒரே ஆளுதான். வண்டி ஏறுன காலு அது."

"யாரும்மா?" என்றாள் மகள்.

"உங்கப்பாடி."

ஷூட்டிங் முடிந்த சில மாதத்திலேயே அவர் ஈ.சி.ஆர். ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டாராம். அப்போது இவள் கைக்குழந்தை. கல்யாண போட்டோவில் தவிர அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் நடந்து, அசைந்து பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், தினமும், க்ளாஸ் குரூப்பில்! போனைத் திறந்து அந்த ஸ்டிக்கரையே வெறித்தாள். "நானே லூசுன்னு..." என்றாள்.

அக்கா எங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். "சாமான் தூக்கத்தான் கூப்ட்டாங்க. டூப் போடற ஆளு வரலன்னு கிரேன்ல இவரக் கட்டி வுட்டாங்களாம். சாயங்காலம் வந்து, நான் இன்னிக்குப் பறந்தேன்டின்னாரு. குடிச்சிட்டு வந்து உளர்றியான்னு கதவச் சாத்திட்டேன். நெஜமாத்தான் சொல்லியிருக்காரு பாரேன்."

நண்பன் கேமராவை அணைக்கப் போனான். அக்கா தடுத்தார். "எடுத்தத போட்டுக்குங்கப்பா. ஆனா ஆடுனாருன்னு போடாதீங்க. பறந்தாருன்னு போடுங்க."

திட்டமிட்ட படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அக்கா சொன்ன படத்தை எடுத்தோம். கல்லூரியில் திரையிட்டபோது க்ளிப் வந்ததும் வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். வரப்பில் அக்கா எழுந்து நின்றபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அன்று மகள் எனக்கு அந்த ஸ்டிக்கரை அனுப்பினாள். கீழே 'எங்கப்பா' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இப்போதெல்லாம் முகம் தெரியாத யாரோ ஒருவர் கோமாளித்தனம் செய்யும் வீடியோ போனில் வந்தால், இவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, யார் நம்பாமல் போனார்களோ என்று என் விரல் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறது.