கருவாலனைக் கோயிலுக்கு விட்ட கதை

அம்சவள்ளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோபம் எதனால் வந்தது என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காரணத்தைச் சொல்லப்போனால் ஊரில் பாதிப் பேருடைய பெயர் வெளியே வந்துவிடும். அதனால் அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விக்கிரமங்கலத்துக்கு மேற்கே, கடலையும் மக்காச்சோளமும் போடுகிற சின்ன ஊர் அது. அங்கே வாக்கப்பட்டு வந்தபோது அம்சவள்ளியின் அப்பா சீரோடு ஒரு பசுவையும் ஓட்டிவிட்டார். அந்தப் பசுவின் வழியில் வந்த கன்றுதான் கருவாலன். உடம்பெல்லாம் சாம்பல் வெளுப்பு, வால் மட்டும் கறுப்பு. கன்று போட்ட கையோடு தாய் மாடு விழுந்து செத்துப்போனது. அம்சவள்ளிதான் பக்கத்து வீட்டில் பால் வாங்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து அதை ஆளாக்கினாள். பல் போட்டதும் காயடித்து வண்டியில் பூட்டலாம் என்றான் அவள் புருசன் சிங்காரவேலு. வேண்டாம், இது பொலிகாளைக்கு ஆகும் என்று தடுத்தவளும் அவள்தான்.

பொலிகாளை என்றால் பசுக்களைச் சினைப்படுத்தவென்றே வளர்க்கிற காளை. இப்போதுதான் சினை ஊசி வந்துவிட்டதே, காளை எதற்கு என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறவனைக் கேட்டால் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கருவாலனைத் தேடி வந்தார்கள்.

அந்த வேலையில் அம்சவள்ளிக்கு மட்டும் இடமில்லை. கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு மரச்சட்டம் நட்டிருக்கும். வந்த பசுவை அதற்குள் கட்டிவிட்டுக் காளையைப் பிடித்து வருவான் சிங்காரவேலு. அந்த நேரம் வீட்டுப் பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம். தண்ணி காட்டுவது, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது, சாணி அள்ளுவது, புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவது எல்லாவற்றுக்கும் பெண் வேண்டும். காளை காளையாக இருக்கிற நேரத்தில் மட்டும் அவளுக்கு வெட்கம் வந்துவிட வேண்டுமாம். வெட்கத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று இடித்து சிங்காரவேலுவின் இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். அப்படிக் கிடந்த நாளொன்றில் ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். இரண்டு தடவை ஊசி போட்டும் நிற்காத மாடு. இந்தப் பருவமும் தவறினால் அடிமாட்டுக்குத்தான் போகும் என்றார். அம்சவள்ளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைக் கையில் எடுத்தாள். வந்தவர் கூச்சத்தில் நெளிந்து, வேலை முடிகிற வரைக்கும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பசு சினை பிடித்தது.

அதற்கப்புறம் அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். சில விசயங்களில் கறாராக இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு மாடுதான். உடம்பு தேறாத கிடேரிக் கன்றுக்குக் காளையை விட மாட்டாள். கருவாலனுக்கே பிறந்த கன்று வளர்ந்து வந்தால் வேறு காளைக்குக் கொண்டுபோகச் சொல்லித் திருப்பி அனுப்புவாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஆண்கள் அவளைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் எனக்குத்தான் அசிங்கம். பேசிய அதே வாய்கள் விடியற்காலையில் வாசலுக்கு வந்து, "அம்சவள்ளி, மாடு பருவத்துக்குக் கத்துதும்மா, கொஞ்சம் பாத்து விடும்மா" என்று குழையும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படலைத் திறந்து விடுவாள். மாடு என்ன பாவம் செய்தது?

ஒருநாள் நாட்டாமை பாவாடை தன் பசுவை ஓட்டி வந்தார். சிங்காரவேலுவுக்கு மூத்த பங்காளி. ஜல்லிக்கட்டுக் காளை ஒன்றைப் பேரீச்சம்பழமும் முட்டையும் கொடுத்து வளர்க்கிறவர், அதைத் தெருவில் பிடித்துப் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடக்கிறவர். கருவாலனை அன்றைக்குக் காலையிலேயே வேறொரு பசுவுக்கு விட்டாகிவிட்டது.

"நாளைக்கு ஓட்டியாங்க மாமா. இன்னைக்கு ஆயிடுச்சு" என்றாள் அம்சவள்ளி.

"நானே வந்திருக்கேன், நாளைக்குங்குற?"

"நீங்க வந்தா என்னா மாமா, காளைக்குத் தெரியுமா நாட்டாமைன்னு?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவாடைக்கு முகம் செத்துப்போனது. ஒரு பொம்பளை தனக்கு நேரம் குறிப்பதா என்று அன்றைக்கு உள்ளே விழுந்த காயம் ஆறவே இல்லை.

அம்சவள்ளி புருசனுக்கு மாத்திரை வாங்க ஜெயங்கொண்டம் போயிருந்த நாளாகப் பார்த்து, பாவாடை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சிங்காரவேலுவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார். பொம்பளை பொலிகாளை பிடிப்பது ஊருக்கு ஆகாது, அதனால்தான் மழை தள்ளிப்போகிறது, கருவாலனை அய்யனார் கோயிலுக்கு விட்டுவிட்டால் உனக்கும் பெருமை, ஊருக்கும் பொதுவாகிவிடும் என்று தேன் தடவிப் பேசினார்கள். சிங்காரவேலு தலையாட்டினான்.

அன்றைக்கே அம்சவள்ளி திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏரிக்கரைப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது. என்ன விசேசம் என்று டீக்கடையில் கேட்டதற்கு ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரைப் பையோடு ஓடினாள்.

கோயில் முன்னால் கருவாலன் கழுத்தில் மஞ்சள் துணியோடு நின்றது. மூக்கணாங்கயிற்றை அறுத்தெடுத்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சாமிக்கு விட்ட மாட்டுக்குக் கயிறு கூடாது. அதை யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, அது மேய்ந்தது சாமிக்குச் சேர்ந்தது. அம்சவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் தாடையில் கையை வைத்தாள்.

"ஒதுங்கும்மா! சாமி மாடாயிடுச்சு, இனிமே பொம்பள கை படக் கூடாது" என்று பாவாடை குறுக்கே வந்தார்.

"என் மாட்ட என்னக் கேக்காம எப்புடி விட்டீங்க?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? உம் புருசனக் கேட்டோம். வூட்ல ஒருத்தரக் கேட்டா ஆச்சு."

ரெண்டு பேர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். மாத்திரைப் பை கீழே விழுந்து சிதறியது. எடுத்துக்கொடுக்க ஒரு கை நீளவில்லை. தெரிந்த முகங்கள்தான் எல்லாம். அத்தனை பேர் வீட்டுத் தொழுவத்திலும் கருவாலன் கன்று துள்ளிக்கொண்டிருந்தது. நன்றிகெட்ட கூட்டம் என்று நான் சொல்வேன், அம்சவள்ளி அன்றைக்குச் சொன்னது அதைவிடக் காரமானது.

வீட்டுக்கு வந்து கட்டில் முன்னால் நின்றாள்.

"ஊரே வந்து நின்னுச்சு புள்ள. முடியாதுன்னு எப்புடிச் சொல்றது? நமக்கும் ஒரு பெருமதானே" என்றான் சிங்காரவேலு.

"நமக்கா? புட்டிப்பால் குடுத்தப்ப எங்க போச்சு அந்த நமக்கு? சாவு வரைக்கும் மூத்திரச் சட்டி எடுக்குறேன்னுதான் இருந்தேன். என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு உங்களுக்குத் தோணல பாத்தீங்களா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலமானால் கருவாலன் தன் வீட்டுக்கு வந்து படலுக்கு வெளியே நின்று கத்தும். கொட்டிலுக்குள் விடுவதற்கில்லை, விட்டால் சாமி மாட்டைத் திருடினாள் என்பார்கள். அம்சவள்ளி தண்ணித் தொட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அது கத்தக் கத்த, கையில் அகப்பட்ட பாத்திரத்தையெல்லாம் ணங்கென்று வைப்பாள். அழுகை வந்தால் அதற்கும் சேர்த்து ஊரைத் திட்டுவாள்.

ஊர் நினைத்தது என்னவென்றால், காளை இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதுவாக நடக்கும் என்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் சும்மா நிற்கிறாள் என்று எண்ணிக்கொண்டார்கள். கயிறு போனதும் தெரிந்தது. பசு கத்துகிற நேரத்தில் கருவாலன் எந்தக் காட்டில் கிடக்கிறது என்று தேடி அலைந்தார்கள். கண்டுபிடித்தால் ஓட்டி வர முடியாது, கோலை ஓங்கவும் கூடாது. கதிர் பிடிக்கிற மக்காச்சோளத்தில் இறங்கி இஷ்டத்துக்குத் தின்றது. அதிலும் பாவாடையின் மக்காச்சோளக் கொல்லை கோயிலை ஒட்டியே இருந்தது. அவர் வரப்பில் நின்று கையைத் தட்டித் தட்டி, "போ சாமி, போ சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கமாகப் போனவர்கள் உண்டு. பாவாடை பெண்சாதி சசிகலா ஆசையாக வளர்த்த கிடேரி, இன்னும் பருவம் திரளாதது, கருவாலனின் பாரம் தாங்காமல் இடுப்பு விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

அப்புறம்தான் ஊருக்கு அம்சவள்ளியின் ஞாபகம் வந்தது. பாவாடை நேரில் வராமல் ஆள் அனுப்பினார். கருவாலனைப் பிடித்துக் கட்டிவிடச் சொன்னார்.

"சாமி மாட்ட நான் எப்புடித் தொடுறது? பொம்பள கையாச்சே" என்று அம்சவள்ளி படலைச் சாத்தினாள்.

பிறகு கோயிலில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் கோலை ஊன்றி எழுந்து நடக்கத் தொடங்கியிருந்த சிங்காரவேலுவும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தான். சாமிக்கு விட்டதைத் திரும்ப எடுப்பதென்றால் அதற்கு ஈடாக இன்னொரு காளையை விட வேண்டும் என்றார் பூசாரி.

"அதுக்கென்ன, சந்தையில ஒரு காளக்கன்னு வாங்கி விட்டுட்டாப் போச்சு" என்றார் பாவாடை.

"சந்தைக்கு எதுக்குப் போவணும்? உங்க ஜல்லிக்கட்டுக் காளைய விடுங்க" என்று பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள் அம்சவள்ளி.

"என்னாது?"

"கேக்க வேண்டியவங்களக் கேட்டுட்டேன் மாமா. சசிகலா அக்கா சரின்னுட்டாங்க."

பாவாடை துண்டை உதறிக்கொண்டு குதித்து எழுந்தார். "அது என் மாடு! என்னக் கேக்காம அவ யாரு சரிங்குறதுக்கு?"

தன் வாயிலிருந்து வந்தது என்ன என்பது பாவாடைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"வூட்ல ஒருத்தரக் கேட்டா ஆச்சுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க, இதே எடத்துல நின்னு" என்றாள் அம்சவள்ளி. குரலை உயர்த்தவில்லை.

சசிகலா எழுந்து நின்றாள். "நான்தான் சரின்னேன். அதுக்குத் தீனி வைக்கிறதும் சாணி அள்றதும் நானு. என் கிடேரி கிடக்குற கெடையப் பாத்துட்டுத்தான் சொன்னேன். அவுத்து விடுங்க."

பாவாடை கூட்டத்தைப் பார்த்தார். ஆதரவாக ஒருவர் வாய் திறக்கவில்லை. எல்லார் கொல்லையிலும் மக்காச்சோளம் நின்றது, எல்லார் வீட்டிலும் பசு இருந்தது. இத்தோடு விட்டுவிடலாமே, பெரிய மனுசன், பாவம் என்று இதைப் படிக்கிற நல்லவர்கள் சொல்லக்கூடும். அம்சவள்ளி விடவில்லை. கருவாலன் யாருடைய மாடு என்று நாட்டாமை வாயால் சொன்னால்தான் கயிற்றைத் தொடுவேன் என்று நின்றாள். பாவாடை தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்சவள்ளி மாடு" என்றார். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றாள். அவர் இன்னொரு தடவை சொன்னார்.

ஜல்லிக்கட்டுக் காளையின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். அது இனி என்னென்ன அட்டூழியம் செய்யும் என்பது ஊர் பாடு.

அம்சவள்ளி ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கருவாலனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது கிட்டே வந்து நின்றது. மூக்கில் புண் இன்னும் ஆறாததால் கழுத்தில் மட்டும் கயிற்றைப் போட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். சிங்காரவேலு கோலை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே வந்தான். படல் கிட்டே வந்ததும் மெல்லக் கேட்டான்.

"இப்பக் கோவம் தீந்துதா புள்ள?"

அவள் காளையை உள்ளே விட்டாள். அவன் வருவதற்காகப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாட்டாம எனக்கு யாரோ. அவரு செஞ்சது இன்னையோட போச்சு. உங்களுக்குச் சோறு போடுவேன், மாத்திர குடுப்பேன், நடக்கவும் வைப்பேன். ஆனா உங்க மேல இருக்குற கோவம் தீரலீங்க. அது தீரும்னும் எனக்குத் தோணல."